ஸ்குவாடு சார் எழுதிய பரீட்சை

மதுரை ஜில்லாவிலேயே அதிகமாகச் சந்தேகப்பட்ட மனிதர் யார் என்று ஒரு போட்டி வைத்தால், முதல் பரிசு எங்கள் திருநகர் ஸ்குவாடு சாருக்குத்தான். எதற்காகப் பரிசு கொடுக்கிறார்கள், பின்னால் யார் இருக்கிறார்கள் என்று விசாரிக்காமல் அதை அவர் வாங்க மாட்டார் என்பது வேறு விஷயம்.

பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. வாக்காளர் பட்டியலையும் சர்ச் பதிவேட்டையும் தவிர வேறெங்கும் அது புழக்கத்தில் இல்லை. மிஷன் பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் கணக்கு வாத்தியாராக இருந்தவர். ஆனால் பெயர் வாங்கித் தந்தது கணக்கு அல்ல, பறக்கும் படை. பொதுத்தேர்வு வந்துவிட்டால் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக ஜீப்பில் போய் இறங்கி பிட் பிடிக்கிற கூட்டத்தில் அவர்தான் முன் சீட்டு. எழுமலைப் பக்கம் ஒரு ஹாலில், கையில் மாவுக்கட்டோடு எழுதிக்கொண்டிருந்த ஒருவனிடம் போய்க் கட்டை மோந்து பார்த்திருக்கிறார். உள்ளேயிருந்து முக்கோணவியல் சூத்திரங்கள் மொத்தமும் சுருள் சுருளாக வந்து விழுந்தனவாம். அந்தத் தைரியத்தில் அடுத்த வருஷம் இன்னொரு ஊரில் இன்னொரு மாவுக்கட்டைத் தட்டிப் பார்த்தார். அது நிஜமாகவே உடைந்த கை. பையன் போட்ட அலறலில் பக்கத்து ஹாலில் இருந்தவர்களெல்லாம் எழுந்து நின்றுவிட்டார்கள்.

"ரெண்டுல ஒண்ணு சரியாப் பிடிச்சேன்ல? அப்ப என் சந்தேகம் பாஸ்" என்பார்.

பணி ஓய்வு பெற்ற பிறகு ஜீப் வரவில்லை. ஆனால் சார் ஜீப்பிலிருந்து இறங்கவே இல்லை.

நான் தபால் ஆபீஸ் கவுண்டரில் காலம் தள்ளி ஓய்வு பெற்று, திருநகரில் வீடு பார்த்து வந்த முதல் வாரம். காலை ஐந்தே முக்காலுக்கு நடந்துகொண்டிருந்தேன். வேட்டியை மடித்துக் கட்டி, தலையில் மஃப்ளர் சுற்றிய ஒரு மெலிந்த உருவம் குறுக்கே வந்து நின்றது.

"புதுசா?"

"ஆமா சார்."

"எந்தத் தெரு?"

சொன்னேன்.

"அந்தத் தெருவுல ரோடு இல்லையா? ஏன் இங்க வந்து நடக்குறீங்க?"

"இங்க மரம் இருக்கு சார், நிழலா இருக்கும்னு…"

"விடிஞ்சே முடியல. அதுக்குள்ள என்ன நிழலு?"

அன்று சாயங்காலம் என் வீட்டு வாசலுக்கே வந்து, கதவு எண்ணைப் பார்த்து, நான் சொன்ன விலாசம் சரிதானா என்று சோதித்துவிட்டுப் போனார். மறுநாள் காலை "தபால் தம்பி, வாய்யா" என்றார். சேர்க்கை முடிந்தது. அன்றிலிருந்து நாங்கள் மூன்று பேர். மூன்றாமவர் பாண்டி அண்ணன், ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். உலகத்தில் யாரைப் பார்த்தாலும் 'மாப்ள' என்பார். சாரை மட்டும் 'வாத்தியாரே'.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூங்காவில் இலவச ரத்த அழுத்தப் பரிசோதனை முகாம் போட்டிருந்தார்கள். இலவசம் என்ற சொல்லைப் பார்த்ததுமே சாருடைய புருவம் ஏறிவிட்டது. பாண்டி அண்ணன்தான் பிடித்து இழுத்துக்கொண்டு போய் உட்கார வைத்தார். நர்ஸ் பெண் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்துவிட்டு, "ஐயா, நூத்தி எழுபதுக்கு மேல இருக்கு. டாக்டரைப் பாருங்க" என்றது.

"மெஷின் சரியா இருக்கா?"

"சரியா இருக்குய்யா."

"அதை மெஷின்தான் சொல்லணும். இவருக்குப் போட்டுப் பாரு."

பாண்டி அண்ணனுக்குப் போட்டது. சரியாக இருந்தது. எனக்குப் போட்டது. கொஞ்சம் கூட. "இப்ப உனக்குப் போட்டுப் பாரும்மா" என்றார். அந்தப் பெண் தனக்கே போட்டுக்கொண்டது. அதற்கும் சரியாக இருந்தது. மறுபடி சாருக்குப் போட்டால், முன்னைவிடப் பத்து கூடியிருந்தது.

"பாத்தியா? ரெண்டு தடவைக்கு ரெண்டு விடை. ஒரே கணக்குக்கு எப்படி ரெண்டு விடை வரும்?" என்று எழுந்துவிட்டார்.

அவர் மனைவி ரோஸ்லின் டீச்சர் விடவில்லை. அவரும் மிஷன் பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்தியவர். வீட்டில் இருவரும் ஒருவரையொருவர் 'டீச்சர்', 'சார்' என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். கேட்டால் ஸ்டாஃப் ரூமுக்குள் நுழைந்துவிட்ட மாதிரி இருக்கும். டீச்சரின் நச்சரிப்பில் ஒரு டாக்டரைப் பார்த்தார். அவர் மேல் சந்தேகம் வந்து இரண்டாவது டாக்டர். இரண்டு பேர் மேலும் சந்தேகம் வந்து மூன்றாவது. மூன்று சீட்டையும் என்னிடம் கொண்டு வந்து மேஜையில் வரிசையாகப் பரப்பினார்.

"தம்பி, நல்லாப் பாரு. மூணு பேரும் ஒரே மாத்திரையை எழுதியிருக்காங்க."

"அப்ப நல்லதுதானே சார்? மூணு பேரும் ஒண்ணாச் சொல்றாங்கன்னா…"

"என்னய்யா பேசுற? மூணு பேப்பர்ல ஒரே விடை வந்தா என்ன அர்த்தம்? காப்பி அடிச்சிருக்காங்க!"

இப்படித்தான் அவர் மாத்திரை சாப்பிட ஆரம்பித்தார். அல்லது, ஆரம்பித்ததாக நாங்கள் எல்லோரும் நம்பினோம்.

அதே சமயத்தில் எங்கேயோ அவர் ஒன்றைப் படித்துவிட்டார். எழுபது தாண்டினால் மூளை துருப்பிடிக்கும், தினமும் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று. விளைவு, எங்கள் நடை வாய்மொழித் தேர்வாக மாறியது. பதினேழாம் வாய்ப்பாடு தலைகீழாகச் சொல்ல வேண்டும். பெரியார் பஸ் ஸ்டாண்டிலிருந்து திருநகர் வரை ஸ்டாப்பிங் பெயர்கள் வரிசையாகச் சொல்ல வேண்டும். இரண்டாவது கேள்வியில் பாண்டி அண்ணன் ஆண்டாள்புரம், பழங்காநத்தம், பைக்காரா என்று விசில் சத்தத்தோடு அடுக்கிக்கொண்டே போவார். "கண்டக்டருக்கு இந்தக் கேள்வி ஏற்கெனவே தெரியும். வினாத்தாள் லீக்" என்று அவர் மார்க்கை ரத்து செய்துவிடுவார் சார்.

பாண்டி அண்ணன் ஒரு நாள் பாக்கெட் நிறைய வால்நட் கொண்டு வந்தார்.

"சாப்புடுங்க வாத்தியாரே. மூளைக்கு நல்லதாம். பாக்குறதுக்கே மூளை மாதிரி இருக்கு பாருங்க."

சார் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மூளை மாதிரி இருந்தா மூளைக்கு நல்லதா? அப்ப புடலங்காய் யாருக்கு நல்லது, பாம்புக்கா?"

இதெல்லாம் சிரிப்பாக இருந்த காலம். பிறகு சார் வீட்டில் பொருட்கள் காணாமல் போகத் தொடங்கின.

முதலில் மூக்குக் கண்ணாடி. அப்புறம் ஸ்கூட்டர் சாவி. அப்புறம் பேனா, ஜெபப் புத்தகம், ஒரு காலுக்கான செருப்பு. கண்ணாடி ஃப்ரிட்ஜில் தயிருக்குப் பக்கத்தில் கிடைத்தது. சாவி அரிசி டிரம்மில். "நான் வைக்கல. யாரோ உள்ள வந்து போறான்" என்று சாதித்தார். பால்காரர் மேல் சந்தேகப்பட்டார். மேல்வீட்டுக்காரர் மேல் சந்தேகப்பட்டார். பாண்டி அண்ணனிடம் போய், "நீ சில்லறை எண்ணுன கை. வெரல் சும்மா இருக்காது" என்று சொல்ல, அண்ணன் இரண்டு நாள் நடக்க வராமல் கோபித்துக்கொண்டார். என்னிடமும், "தம்பி, நேத்து வந்தப்ப மேசையைத் தொட்டியா?" என்று கேட்டார். கேட்ட தோரணையில் நானே கொஞ்ச நேரம் தொட்டேனோ என்று யோசித்தேன்.

கடைசியில் பழைய வாத்தியார் வேலையைக் காட்டினார். மேஜை, அலமாரி, ஜன்னல் திண்டு எல்லா இடத்திலும் பொருளை வைத்து, அதைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டார். கண்ணாடிக்கு ஒரு கோடு, பேனாவுக்கு ஒரு கோடு, செருப்புக்குத் தரையில் இரண்டு கோடு. யாராவது நகர்த்தினால் தெரிந்துவிடுமாம்.

டீச்சர் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். "பாருங்க தம்பி. வீட்டுக்குள்ள ஏதோ கொலை நடந்து போலீஸ்காரங்க வந்து கோடு போட்ட மாதிரி இருக்கு. விருந்தாளி வந்தா என்ன நெனப்பாங்க?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் கையிலிருந்த ஈரத்துணி அந்தக் கோடுகளை அழிக்கவில்லை. ஒவ்வொரு கோட்டையும் தொடாமல் சுற்றிச் சுற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் காலை பதினொரு மணி இருக்கும். சாரிடமிருந்து போன்.

"தம்பி, நீ இப்ப எங்க இருக்க?"

"வீட்ல சார். நீங்க?"

லாரி போகிற சத்தம் கேட்டது.

"திருநகர் ரோட்டை மாத்திட்டாங்கய்யா. யாரு மாத்துனா? உனக்கு ஏதாவது தெரியுமா?"

பக்கத்தில் நின்ற யாரிடமாவது போனைக் கொடுக்கச் சொன்னேன். ஒரு டீக்கடைக்காரர் பேசினார். இடம் சமயநல்லூர். அங்கே சாருடைய பழைய சகா ஒருவர் இருக்கிறார். முப்பது வருஷமாக மாதம் ஒருமுறை அவரைப் பார்த்துவிட்டு வருவது சாருக்கு வழக்கம். கண்ணைக் கட்டிவிட்டாலும் அவர் ஸ்கூட்டர் தானாக வீடு வந்து சேரும். அன்றைக்கு வரவில்லை.

பாண்டி அண்ணனும் நானும் ஆட்டோ பிடித்துப் போனோம். கடை பெஞ்சில் முதுகை நேராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மூன்று காலி டீ கிளாஸ். எங்களைப் பார்த்ததும் ஜீப்பிலிருந்து இறங்குகிற முகத்தை வரவழைத்துக்கொண்டார்.

"ரெண்டு பேரும் பாஸ். கூப்புட்டா வருவீங்களான்னு சோதிச்சுப் பாத்தேன்."

"அம்புட்டுத்தேன வாத்தியாரே! இதுக்கு எதுக்கு சமயநல்லூர் வரைக்கும் வந்தீக? தெரு முக்குல நின்னே கூப்புட்டிருக்கலாம்ல?" என்று பாண்டி அண்ணன் சிரித்தார். நானும் சிரித்தேன். சார் சிரிக்கவில்லை.

ஸ்கூட்டரை நான் ஓட்டினேன். அவர் பின்னால் உட்கார்ந்தார். வழி நெடுக என் சட்டையை இரண்டு கையாலும் கொத்தாகப் பிடித்திருந்தார். வீடு வந்து இறங்கிய பிறகும் ஒரு கை சட்டையை விடவில்லை. எதைப் பிடித்திருக்கிறோம் என்று அப்போதுதான் கவனித்த மாதிரி சட்டெனக் கையை எடுத்து, சட்டையை நீவிவிட்டு, "துணி மட்டம். எங்க எடுத்த?" என்றார்.

அன்று மாலை டீச்சர் எங்கள் வீட்டுக்கு வந்தார். கொடுத்த காப்பியைக் குடித்து முடித்தார். பிறகு சொன்னார். மகன் கோயம்புத்தூரிலிருந்து தினமும் போன் செய்கிறான். ஞாபகசக்திக்கு ஒரு சோதனை இருக்கிறது, அதைச் செய்து பாருங்கள், சரியில்லை என்றால் வீட்டைப் பூட்டிவிட்டு இரண்டு பேரும் இங்கே வந்துவிடுங்கள் என்கிறான்.

"அங்க போனா அவருக்கு யாரைத் தெரியும் தம்பி? சந்தேகப்படுறதுக்குக்கூட நாலு தெரிஞ்ச ஆளு வேணும்ல? நான் கூப்புட்டா வர மாட்டாரு. நீங்களும் கூட வாங்க."

மறுநாள் நடையில் நான் வாயைத் திறக்கும் முன்பே அவர் பிடித்துவிட்டார். "டீச்சர் உன் வீட்டுக்கு வந்துச்சு. நாப்பது நிமிஷம் இருந்துச்சு. என்ன விஷயம்?"

சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் தரையைப் பார்த்தபடி கொஞ்ச தூரம் நடந்தார். பிறகு மெதுவாகக் கேட்டது இதுதான்: "சிலபஸ் என்ன?"

ஊருக்குள் இருந்த ஒரு ஆஸ்பத்திரியில் அந்தப் பரீட்சை. டாக்டர் சின்னப் பெண். மிஞ்சிப் போனால் முப்பத்தைந்து வயது இருக்கும். டீச்சரும் நானும் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்தோம். சார் முழுக்கைச் சட்டை போட்டு, பட்டன் போட்டு, கைக்கடிகாரம் கட்டி வந்திருந்தார். வந்ததும் அறையை ஒரு சுற்று நோட்டம் விட்டு, சுவரில் தொங்கிய காலண்டரைக் காட்டி, "இதைக் கழட்டிருங்க மேடம். தேதி கேப்பீங்கல்ல?" என்றார். டாக்டர் சிரித்துக்கொண்டே அதைத் திருப்பி மாட்டினார்.

தேதி, கிழமை சரியாகச் சொன்னார். எந்த ஊர், எந்த மாடி, சரி. டாக்டர் மூன்று வார்த்தை சொல்லி, "நல்லா ஞாபகம் வச்சுக்குங்க ஐயா, கொஞ்ச நேரம் கழிச்சுக் கேப்பேன்" என்றார். தாமரை, சாவி, மாட்டுவண்டி. அடுத்து, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார்.

சார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "தொண்ணூத்தி மூணு, எம்பத்தாறு, எழுவத்தி ஒம்போது, எழுவத்தி ரெண்டு, அறுவத்தி அஞ்சு…"

"போதும் ஐயா."

"அம்பத்தெட்டு, அம்பத்தி ஒண்ணு…"

"போதும் ஐயா, சரியா இருக்கு."

"…பதினாறு, ஒம்போது, ரெண்டு. மீதி ரெண்டு. கணக்கைப் பாதியில விடக் கூடாது மேடம்."

டீச்சர் என் பக்கம் திரும்பிப் பெருமையாகப் பார்த்தார். நானும் மனசுக்குள் கோயம்புத்தூர் மகனுக்குப் பதில் தயார் செய்துகொண்டிருந்தேன்.

"இப்ப அந்த மூணு வார்த்தை சொல்லுங்க" என்றார் டாக்டர்.

சார் வாயைத் திறந்தார். மூடினார். "தாமரை" என்றார். அதற்குமேல் எதுவும் வரவில்லை. அவருடைய வலது கை மெதுவாக இடது கைச் சட்டை ஓரத்துக்குப் போனது. நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து பார்த்தேன். கடிகாரப் பட்டைக்கு அடியில், மணிக்கட்டோடு ஒட்டி, மடித்த ஒரு காகிதம். மேஜைக்கு அடியில் அவர் எப்போது எழுதினார், எப்போது செருகினார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆயிரம் பிட்டைப் பிடித்த மனிதருக்கு எப்படி வைப்பது என்றா தெரியாது?

பார்த்துவிடு சார், சொல்லிவிடு, வீட்டுக்குப் போகலாம் என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டேன். டாக்டர் கவனிக்கவில்லை. டீச்சர் கவனித்துவிட்டு, கவனிக்காத மாதிரி ஜன்னலைப் பார்த்தார்.

சார் காகிதத்தை விரல் நுனியால் பாதி இழுத்தார். அதற்குமேல் இழுக்கவில்லை. பிறகு கையைத் தூக்கி மேஜை மேல் வைத்தார். காகிதத்தை உருவி டாக்டர் பக்கம் தள்ளினார்.

"மேடம், பிட் வச்சிருக்கேன். புக் பண்ணிக்குங்க."

டாக்டருக்கு முதலில் புரியவில்லை. காகிதத்தைப் பிரித்துப் பார்த்த பிறகு புரிந்தது. அவர் சிரிக்கவில்லை. "பரவாயில்லை ஐயா" என்று சொல்லி மேஜை மேலிருந்த சாருடைய கையைப் பிடித்தார். ஆறுதலாகத்தான் பிடித்தார் என்று நினைத்தேன். பிடித்த கையை விடவில்லை. விரலை மணிக்கட்டில் நகர்த்தி வைத்து, அந்தக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு ஒரு நிமிஷம் முழுதாக எண்ணினார்.

"நாடி தப்பித் தப்பித் துடிக்குதே. இப்படி எவ்வளவு நாளா இருக்கு? பிரஷர் மாத்திரை ஒழுங்கா சாப்புடுறீங்களா?"

"சாப்புடுறேன்."

"டெய்லி நான்தான் டாக்டர் எடுத்துக் குடுக்குறேன்" என்றார் டீச்சர்.

சார் டீச்சரைத் திரும்பிப் பார்த்தார். பரீட்சையில் மாட்டியதற்குக்கூட அப்படி ஒரு முகம் அவருக்கு வரவில்லை.

"சாக்பீஸ் டப்பாவுல இருக்கு டீச்சர். அம்புட்டும் அப்படியே இருக்கு" என்றார்.

எட்டு மாத மாத்திரை. தினமும் டீச்சர் முன்னால் வாயில் போட்டு, கன்னத்தில் ஒதுக்கி, அப்புறம் எடுத்துத் துடைத்து, ஒவ்வொன்றையும் தாளில் மடித்துத் தேதி எழுதி வைத்திருந்தார். எதற்கு என்று கேட்டதற்கு, "பின்னால ஏதாவது ஆச்சுன்னா ஆதாரம் வேணும்ல?" என்றார். டீச்சர் அவர் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். அந்தத் தம்பதி அடித்துக்கொண்டு நான் பார்த்தது அது ஒரு தடவைதான்.

அன்றே ஈ.சி.ஜி. எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் எங்களை உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னார். இதயம் தாளம் தப்பி ஓடுகிறது. ரத்த அழுத்தத்தையும் கவனிக்காமல் விட்டுவிட்டார். மூளைக்கு ரத்தம் போகிற சின்னச் சின்னக் குழாய்கள் அதனால் கெட்டிருக்கின்றன. போனது எல்லாம் திரும்பி வரும் என்று சொல்ல முடியாது. ஆனால் இதயத்தை ஒழுங்கு செய்தால், இருப்பதை இன்னும் கொஞ்ச காலம் காப்பாற்றலாம். மாத்திரை, நடை, உப்புக் குறைச்சல், நாலு பேரோடு பேச்சு. ஸ்கூட்டர் கூடவே கூடாது.

சார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "மார்க் எம்புட்டு மேடம்?" என்றார்.

"மார்க் எல்லாம் இல்லை ஐயா."

"இருக்கு. நீங்க எழுதுனதைப் பாத்தேன். மறுகூட்டலுக்கு எங்க விண்ணப்பிக்கணும்?"

மகன் வந்தார். பெட்டி கட்டுகிற எண்ணத்தோடுதான் வந்தார். டீச்சர் டாக்டரின் சீட்டில் 'நாலு பேரோடு பேச்சு' என்ற வரியைக் காட்டி, "அந்த நாலு பேரு இங்கதான் இருக்காங்க" என்றார். மகன் எண்ணிப் பார்த்து, "ரெண்டு பேருதானம்மா இருக்காங்க" என்றார். "பாண்டி ரெண்டு பேருக்குச் சமம்" என்றார் சார். மகன் ஸ்கூட்டர் சாவியை மட்டும் எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனார்.

அதற்குப் பிறகு சாருடைய சந்தேகம் எங்கள் இதயங்கள் மேல் திரும்பியது. தான் ஏமாற்றிய மாதிரியே எல்லோரும் ஏமாற்றுகிறார்கள் என்பது அவர் கட்சி. காலையில் பாண்டி அண்ணனை நிறுத்தி, "நாக்கைத் தூக்கு" என்பார். கன்னத்தை அழுத்திப் பார்ப்பார். "காலி அட்டையைக் காட்டு, எண்ணணும்" என்பார். "வாத்தியாரே, எனக்கு மாத்திரையே கெடையாது" என்று அண்ணன் கதறினாலும், "அதெப்படி ஒரு ஆளுக்கு ஒண்ணுமே இல்லாம இருக்கும்? மறைக்கிற" என்பார்.

ஒரு நாள் என் முறை. வழக்கம்போல் பாலம் தாண்டி மேடு ஏறும் இடத்தில் நான் நின்று, குனிந்து, காலணியைச் சரி செய்தேன். சார் முன்னால் போனவர் திரும்பி வந்தார்.

"என்ன பண்ற?"

"லேஸ் அவுந்துருச்சு சார்."

"நேத்தும் இங்கதான் லேஸ் அவுந்துச்சு. முந்தாநாளும் இங்கதான்."

"பழைய ஷூ சார்."

"தம்பி, நீ இன்னைக்குச் செருப்பு போட்டு வந்திருக்க."

குனிந்து பார்த்தேன். செருப்புதான்.

பத்து நாளாக அந்த மேட்டில் எனக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. நெஞ்சில் யாரோ பலகையை வைத்து அழுத்துகிற மாதிரி இருக்கும். வாயு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. சார் என் வலது கையைப் பிடித்தார். விடவேயில்லை. பாண்டி அண்ணன் ஆட்டோவை மறித்தார். வீட்டுக்குக்கூடப் போகவிடாமல், செருப்புக் காலோடும் வியர்த்த பனியனோடும் கொண்டு போய் அதே ஆஸ்பத்திரியில் இறக்கினார்கள்.

ரத்தக்குழாய் ஒன்று கிட்டத்தட்ட முழுசாக அடைத்திருந்தது. அன்றே ஸ்டென்ட் வைத்தார்கள். கண் விழித்தபோது கட்டில் பக்கத்தில் சார் நின்றுகொண்டிருந்தார். மானிட்டரில் ஓடுகிற பச்சைக் கோட்டைக் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். "தம்பி, இது உன்னோடதுதானா? பக்கத்துப் பெட் ஆளோட கோட்டைக் காட்டுறாங்களோன்னு ஒரு மணி நேரமாப் பாத்துக்கிட்டு இருக்கேன்" என்றார்.

இது நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. சாருக்கு இப்போது நல்ல நாளும் உண்டு, அல்லாத நாளும் உண்டு. நல்ல நாளில் பதினேழாம் வாய்ப்பாட்டில் என்னைத் தோற்கடிக்கிறார். அல்லாத நாளில் டீச்சரையே, "நீங்க எந்த ஸ்கூல்?" என்று கேட்கிறார். டீச்சர் ஸ்கூல் பெயரைச் சொல்கிறார். "நல்ல ஸ்கூல். அங்க ஒரு பொண்ணு தமிழ் எடுக்குது, கெட்டிக்காரி" என்கிறாராம். அந்த மாதிரி நாளில் டீச்சருக்குச் சமையல் நன்றாக வருகிறதாம்.

போன வாரம் சாயங்காலம் போனேன். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் மஃப்ளரோடு உட்கார்ந்திருந்தார். கேட்டைத் திறந்ததும் என்னை மேலும் கீழும் பார்த்தார். அந்தப் பழைய பார்வைதான். ஆனால் அதில் நான் இல்லை.

"யாரு நீங்க? யாரைப் பாக்கணும்?"

"சார், நான்தான். தபால் தம்பி."

"தபால் தம்பியா?" நன்றாகக் குனிந்து என் முகத்தைப் பார்த்தார். "அவன் இப்படி இருக்க மாட்டான். அவன் சின்னப் பையன்ல?"

எனக்கு அறுபத்து நாலு வயது. சார் பக்கத்து நாற்காலியைக் காலால் என் பக்கம் தள்ளினார்.

"சரி, உக்காருங்க. இப்ப வந்துருவான். தினமும் இந்த நேரத்துக்கு வருவான். தனியா நடந்து வாரான், நெஞ்சுல வேற கோளாறு பாத்துக்கங்க. அவன் வந்து சேர்ற வரைக்கும் எனக்கு இருப்புக் கொள்ளாது."

நான் உட்கார்ந்தேன். அவர் தெருமுனையைப் பார்த்தார், நானும் பார்த்தேன். இருட்டுகிற வரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் எனக்காகக் காத்திருந்தோம்.